கத்திரி வெயிலில் மீன் தொட்டி சூடேறினால்: சூட்டைப் பதறாமல் குறைக்கும் வழி

ஏப்ரல் பாதி தாண்டினால் சென்னையில் மாடி வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் 32, 33 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மேற்கு வெயில் விழும் அறையென்றால் கத்திரியில் 34 கூட வரும். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் அதைப் பார்த்ததும் நேராக ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் கட்டிகளைக் கொட்டுகிறார்கள். கோடையில் பல தொட்டிகள் காலியாவது அப்படித்தான். வெப்பமண்டல மீன்களில் பெரும்பாலானவை, காற்றோட்டம் நன்றாக இருந்தால், 32, 33 டிகிரியைச் சில நாட்கள் தாங்கிவிடும். பத்து நிமிடத்தில் 33-லிருந்து 26-க்கு விழுவதைத் தாங்காது.

கீழே உள்ள வரிசை முக்கியம். ஐஸ் ஆறாவது படியில்தான் வருகிறது.

1. முதலில் காற்று, பிறகுதான் குளிர்

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும் என்றால், 32-இல் 7.3 தான். இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் அதே நேரத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கிறது. மீன் கழிவைச் சிதைக்கும், ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவும் கேட்கிறது. இரவில் செடிகளும் கேட்கின்றன. மீன் திணறுவது பெரும்பாலும் மூச்சுக்காகத்தான்.

எனவே தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன்பே ஏர் பம்பைப் போடுங்கள். ஏற்கெனவே ஓடினால் இன்னொரு ஏர் ஸ்டோன் (குமிழி விடும் கல்) சேருங்கள். டாப் ஃபில்டரோ பவர் ஃபில்டரோ இருந்தால் தண்ணீர் மேற்பரப்பில் விழுந்து சலசலக்கும்படி வாயைத் திருப்புங்கள். குமிழியைவிட மேற்பரப்பு கலங்குவதால்தான் அதிக ஆக்சிஜன் உள்ளே போகிறது. நீர்மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்தால் ஃபில்டர் தண்ணீர் உயரத்திலிருந்து விழும். செலவே இல்லாத உதவி அது. செடித் தொட்டிக்குக் கார்பன்-டை-ஆக்சைடு கொடுப்பவர்கள் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

எதற்காகவும் ஃபில்டரை நிறுத்தாதீர்கள். "மோட்டார் சூடு கொடுக்கிறது" என்று சிலர் அணைத்து வைப்பார்கள். சில மணி நேரத்தில் ஃபில்டருக்குள் பாக்டீரியா மூச்சில்லாமல் சாகத் தொடங்கும். பிறகு கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா ஏறும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. அதை வைத்துப் பயப்பட வேண்டாம். கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ் ஆகியவை கூட்டமாக மேற்பரப்பில் வாய் வைத்து நின்றால், செவுள் படபடவென அடித்தால், அதுதான் அவசரம்.

2. உண்மையான அளவைப் பாருங்கள்

கண்ணாடியில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் அறைச் சூட்டையும் சேர்த்துக் காட்டும். இரண்டு டிகிரி வரை தவறலாம். தண்ணீருக்குள் போடும் கண்ணாடித் தெர்மாமீட்டரோ, ஒயரில் சென்சார் தொங்கும் டிஜிட்டலோ வாங்குங்கள். சென்சாரை நீர்மட்டத்துக்குப் பாதி ஆழத்தில், ஃபில்டர் வாய்க்கு எதிர்மூலையில் வையுங்கள்.

அடுத்து அறையின் சூட்டையும் பாருங்கள். தண்ணீர் அறையைவிட ஓரிரண்டு டிகிரி குறைவாகவோ, சமமாகவோ இருந்தால் காரணம் வெயில்காலம்தான். அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் வேறு எதுவோ சூடேற்றுகிறது. முதல் சந்தேகம் ஹீட்டர்மேல். ஆட்டோமேட்டிக் ஹீட்டரை 26-இல் வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் அது அணையாது, ஓடிக்கொண்டே இருக்கும். வெயில்காலத்தில் ஹீட்டரின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். உடனே தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். கால் மணி நேரம் ஆறட்டும். சூடான கண்ணாடிக் குழாயை வெளியே எடுத்தால் விரிசல் விடும்.

பிளக்கைப் பிடுங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் ஐஸ் பாட்டில் போட்டு, அந்தக் குளிர்ந்த நீர் ஹீட்டர் அருகில் போனால் ஹீட்டர் விழித்துக்கொள்ளும். ஒருபக்கம் குளிர், ஒருபக்கம் சூடு என்று இரண்டும் போட்டி போடும்.

3. எங்கே நிறுத்துவது, எவ்வளவு வேகம்

25-க்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். வெளியே 38 இருக்கும்போது தொட்டியை 25-இல் பிடித்து வைக்க முடியாது. மதியம் 25, நள்ளிரவில் 31 என்று ஊஞ்சலாடும். அந்த ஆட்டம்தான் வெள்ளைப்புள்ளி நோய்க்கு வாசல்.

கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர், ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கார் உள்ள தொட்டிக்கு 28-29 போதும். டிஸ்கஸுக்கு 30 வரை கவலையே வேண்டாம். அது சூட்டை விரும்பும் மீன். நியான் டெட்ராவும் கோல்ட் ஃபிஷும் வேறு ரகம். அவற்றுக்கு 26-27-ஐ நோக்கிப் போக வேண்டும், ஆனால் ஒரே நாளில் அல்ல. செர்ரி இறால் வைத்திருப்பவர்கள் 30-ஐத் தாண்டும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

வேகத்துக்கு ஒரே விதி: ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள், ஒரு நாளில் மூன்று டிகிரியோடு நிறுத்துங்கள். 34-இல் மீன் கவிழத் தொடங்கிவிட்டால் முதல் ஒன்றிரண்டு டிகிரியைச் சற்று வேகமாக, அரை மணிக்கு ஒன்று என்று இறக்கலாம். 32 வந்ததும் மறுபடி மெதுவாக.

4. சூடேற்றுவதை நிறுத்துங்கள்

விளக்கை அணையுங்கள். எல்.இ.டி. என்றாலும் மூடிக்குள் இருந்தால் சூடு கொடுக்கும். பழைய டியூப்லைட் மூடி என்றால் சொல்லவே வேண்டாம். செடிகள் நான்கைந்து நாள் குறைந்த வெளிச்சத்தில் ஒன்றும் ஆகாது. மூடியைத் திறந்துவிடுங்கள். ஜன்னல் வெயில் கண்ணாடியில் விழுந்தால் திரைச்சீலை போடுங்கள். தொட்டி வெயில் தின்ற சுவரை ஒட்டி இருந்தால் இடையில் அரை அங்குலத் தெர்மோகோல் பலகை ஒன்றைச் செருகுங்கள். மாடி வீட்டுச் சுவர் இரவு பத்து மணிக்குக்கூடச் சூட்டைக் கக்கும்.

தண்ணீரோடு தொட்டியை இழுத்து நகர்த்த முயலாதீர்கள். இரண்டடித் தொட்டியே எழுபது கிலோவுக்கு மேல் இருக்கும். மூலை ஒட்டு விட்டுவிடும்.

5. ஃபேன்: உண்மையில் வேலை செய்யும் கருவி

ஃபேன் காற்று தண்ணீரை நேரடியாகக் குளிர்விப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து தண்ணீரை ஆவியாக்குகிறது. ஆவியாகும் நீர் தொட்டியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், ஐந்து ஒரு-லிட்டர் ஐஸ் பாட்டில்கள் எடுப்பதைவிட அதிகம். அதுவும் ஒரே அடியாக இல்லாமல் நாள் முழுக்கச் சீராக நடக்கிறது. ஆகவே ஐஸுக்கு முன் ஃபேன்.

சின்ன கிளிப் ஃபேன், யு.எஸ்.பி. ஃபேன், வீட்டு டேபிள் ஃபேன் எதுவானாலும் சரி. தொட்டியின் ஒரு ஓரத்திலிருந்து அரையடி தள்ளி, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, காற்று நீரின் மேல் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும்படி வையுங்கள். நேர்மேலிருந்து கீழே ஊதினால் ஈரக்காற்று அங்கேயே தேங்கும். அறை ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஈரப்பதம் ஏறி ஆவியாதல் நின்றுவிடும்.

பலன் ஊரைப் பொறுத்தது. மதுரை, திருச்சி, கோவை போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் மூன்று நான்கு டிகிரி இறங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் புழுக்கம் உள்ள நாட்களில் இரண்டு டிகிரி கிடைத்தாலே பெரிது. ஃபேன் பலன் காட்ட மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அரை மணியில் ஒன்றும் ஆகவில்லையே என்று ஐஸுக்குப் போகாதீர்கள்.

இங்கே மூன்று ஆபத்துகள்.

ஃபேன் தண்ணீரில் விழுவது. கிளிப்பை மட்டும் நம்பாமல் கயிற்றாலோ கேபிள் டையாலோ ஸ்டாண்டில் கட்டுங்கள். ஒயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக் மட்டத்துக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். ஒயர் வழியாக வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும்போது எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

திறந்த தொட்டியிலிருந்து மீன் குதிப்பது. கொசுவலைத் துணியை மேலே இழுத்துக் கட்டினால் காற்று போகும், மீன் போகாது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: கொசு விரட்டி. பிளக்கில் மாட்டும் திரவ விரட்டியில் உள்ள மருந்து மனிதனுக்குப் பெரிதாகத் தெரியாது, மீனுக்கும் இறாலுக்கும் விஷம். மூடி திறந்து, ஃபேன் ஓடி, ஏர் பம்ப் அதே அறைக் காற்றை இழுத்து நீருக்குள் விடும்போது அது நேராகத் தொட்டிக்குள் போகிறது. கோடை முழுக்க அந்த அறையில் விரட்டியும் ஸ்பிரேயும் வேண்டாம்.

இரண்டடித் தொட்டியில் ஃபேன் ஓடினால் தினம் ஒரு லிட்டருக்கு மேல்கூடக் குறையலாம். ஆவியாவது சுத்த நீர் மட்டும். உப்புகள் தொட்டியிலேயே தங்கும். போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் ஒரு மாதத்தில் கடினத்தன்மை எகிறும். தினசரி ஈடுகட்ட ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர்தான் சரி. வாராந்திர நீர் மாற்றம் அப்படியே தொடரட்டும், வழக்கமான தண்ணீரில்.

6. ஐஸ் பாட்டில்: கணக்குப் போட்ட பிறகு

ஃபேன் போட்டும் 32-க்குக் கீழே வரவில்லை, மீன் திணறுகிறது என்றால் ஐஸ். கட்டியாக நேரே போடாதீர்கள். மெட்ரோ வாட்டரில் உறைய வைத்தது என்றால் குளோரினும் சேர்ந்து வரும். மூடிய பாட்டில் மட்டும்.

முதலில் தொட்டியின் அளவு. நீளம், அகலம், நீர் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர். 24, 12, 15 என்றால் 4320. வகுத்தால் 70 லிட்டர். கல், மணலுக்குக் கழித்தால் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நினைவில் வைக்க ஒரே அளவு: ஒரு லிட்டர் பாட்டில் ஐஸ், முழுவதும் உருகி முடிக்கும்போது, 100 லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ ஒரு டிகிரி இறக்கும். ஆகவே 60 லிட்டர் தொட்டிக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு. 150 லிட்டர் தொட்டிக்கு ஒன்றரை லிட்டர். பத்து லிட்டர் ஃபைட்டர் ஜாடிக்குள் அதே அரை லிட்டர் பாட்டிலைப் போட்டால் ஐந்து டிகிரி விழும். மீன் அதைத் தாங்காது. அவ்வளவு சின்ன ஜாடிக்கு ஐஸே வேண்டாம். ஜாடியை ஓர் அகலத் தட்டில் சாதாரணத் தண்ணீரில் வைத்து, ஈரத் துணி சுற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள்.

பாட்டிலைச் சோப்புப் போடாமல் கழுவி, லேபிளையும் பசையையும் உரித்துவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். நீர் உறையும்போது விரியும், பாட்டில் வெடித்துவிடும். உள்ளே நல்ல தண்ணீர் மட்டும். உப்பு போட்டால் அதிகம் குளிரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கசிந்தால் உப்புத் தண்ணீர் தொட்டியில். மிதக்கும் பாட்டிலை ஃபில்டர் நீர் விழும் இடத்தில் நூலால் கட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு மூலை மட்டும் குளிர்ந்து, தெர்மாமீட்டர் மூலை சூடாகவே இருக்கும். நீங்கள் அடுத்த பாட்டிலையும் போட்டுவிடுவீர்கள். டாப் ஃபில்டர் பெட்டிக்குள் இடமிருந்தால் பாட்டிலை அங்கே வைப்பதே சிறந்தது. மீன் அதைத் தொடாது.

கால் மணிக்கு ஒருமுறை அளவு பாருங்கள். ஒரு டிகிரி இறங்கியதும், உருகாமல் மீதி இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.

ஐஸின் பெரிய குறை, அது தீர்ந்ததும் சூடு திரும்பி வருவது. இரவு பாட்டிலைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவதால் பயனில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அறவே ஒத்துவராத முறை, ஃபேன்தான் அவர்களுக்கு. ஐஸ் போடுவதென்றால் காலை பதினொரு மணிக்கே, சூடு ஏறத் தொடங்கும்போது, சின்னப் பாட்டிலாகத் தொடங்குங்கள். மதியம் மூன்று மணி உச்சத்தில் பெரிய பாட்டிலைப் போட்டு இழுப்பதைவிட, ஏறவிடாமல் தடுப்பது எளிது.

7. தண்ணீர் மாற்றி இறக்குவது

மதியம் குழாயைத் திறந்தால் வருவது மொட்டை மாடி டேங்கில் வெந்த தண்ணீர். அது தொட்டியைவிடச் சூடு. கோடையில் நீர் மாற்றத்தை விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்லது தரைக்குக் கீழே உள்ள சம்பிலிருந்து நேராக எடுங்கள். முந்தின இரவே வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் இன்னும் நல்லது. போர் தண்ணீர் நிலத்திலிருந்து வரும்போது ஆக்சிஜன் குறைவாக இருக்கும், அதற்கும் இந்தக் காற்று தேவை. மெட்ரோ வாட்டருக்கு ஆன்டி-குளோரின் சொட்டு கட்டாயம்.

கணக்கு எளிது. 33 டிகிரி தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து 27 டிகிரி நீரை ஊற்றினால், வித்தியாசம் ஆறு, அதில் ஐந்தில் ஒன்று: 1.2 டிகிரி இறங்கும். அதை ஒரு மணி நேரத்துக்குப் பரப்புங்கள். மக்கால் ஊற்றாமல், ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு வாளியிலிருந்து சொட்டவிட்டால் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இருபது சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். சூட்டில் தளர்ந்த மீனுக்கு நீரின் தன்மையும் மாறினால் இரட்டைச் சுமை.

8. இறங்கிய பிறகு

ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு வேண்டாம். பிறகு மூன்று நாளைக்குப் பாதி அளவு, காலையில் மட்டும். சூட்டில் மீன் பசியாக ஓடிவரும், ஏமாறாதீர்கள். மிஞ்சும் தீனியும் கழிவும் அம்மோனியாவாகும். சூட்டில் அம்மோனியாவின் விஷம் கூடும். நம் போர் தண்ணீர்போல பி.ஹெச். 8 உள்ள நீரில், 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் ஐந்து சதவீதம் போலத்தான் விஷ வடிவில் இருக்கும். 32-இல் எட்டைத் தாண்டும். டெஸ்ட் கிட் இருந்தால் மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை பத்து சதவீத நீர் மாற்றம் பாதுகாப்பானது.

"எதற்கும் இருக்கட்டும்" என்று மருந்து, நீல மருந்து (மெத்திலீன் ப்ளூ), கல்லுப்பு எதையும் போடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் வெள்ளைப்புள்ளி தெரிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஃபேனை மட்டும் அணைக்காதீர்கள். பகலில் ஓட்டி, இரவில் நிறுத்தி என்று மாற்றி மாற்றிச் செய்வதைவிட, கோடை முடியும்வரை 24 மணி நேரமும் ஓடுவது மேல். ஏ.சி. அறையிலிருக்கும் தொட்டிக்கும் இதே சிக்கல் உண்டு: இரவு 24-இல் ஏ.சி., பகலில் அணைத்து 34 என்றால் மீன் தினம் தினம் அடிபடும். அந்தத் தொட்டி ஹாலில் இருப்பதே நல்லது.

9. கரண்ட் போனால்

பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைச் சார்ஜ் போட்டுத் தயாராக வையுங்கள். தொட்டி மட்டத்துக்குக் கீழே வைப்பதாக இருந்தால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வ் வேண்டும். இல்லையேல் பம்ப் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் வந்து தரையில் ஒழுகும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபில்டரையும் ஏர் பம்பையும் அந்த லைனில் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். எதுவும் இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மக் தண்ணீரை மொண்டு அரையடி உயரத்திலிருந்து மறுபடி ஊற்றுங்கள். ஃபில்டர் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே போடாமல், உள்ளே தேங்கிய நீரை வெளியே கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

10. எதை வாங்குவது, எப்போது

மார்ச்சிலேயே வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலும் கிளிப் ஃபேனும் பேட்டரி பம்பும் கேட்ட உடனே கிடைக்காமல் போகலாம். விலை கடைக்குக் கடை மாறும். ஏறத்தாழ: டிஜிட்டல் தெர்மாமீட்டர் 150 முதல் 300 ரூபாய், ஏர் பம்ப் 250 முதல் 500, கிளிப் ஃபேன் 500 முதல் 1000, பேட்டரி பம்ப் 600-க்கு மேல். யு.எஸ்.பி. ஃபேன் நாள் முழுக்க ஓடினாலும் கால் யூனிட்கூட ஆகாது. 50 வாட் டேபிள் ஃபேன் ஒரு நாளைக்கு 1.2 யூனிட்.

இவற்றுக்கு அடுத்து வாங்கத் தக்கது எஸ்.டி.சி. 1000 வகை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. சென்சார் நீரில் இருக்கும். 28 வைத்து, இடைவெளி ஒரு டிகிரி கொடுத்தால் 29-இல் ஃபேனைப் போட்டு 28-இல் அணைக்கும். தொட்டி தானே நிலையாக நிற்கும். அது வெறும் பலகையாகத்தான் வரும், பின்னால் ஒயர் முனைகள் திறந்திருக்கும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பெட்டிக்குள் பொருத்தச் சொல்லுங்கள், தொட்டிக்கு மேலே மாட்டாதீர்கள்.

சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம், பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. பத்தாயிரத்தைத் தாண்டும் செலவு அது. எடுத்த சூட்டையெல்லாம் அதே அறையில் கக்கும் என்பதால் மூடிய சின்ன அறையில் வைத்தால் அறை வேகும். நூறு லிட்டருக்கு மேல் கோல்ட் ஃபிஷ், விலை உயர்ந்த இறால், குளிர் விரும்பும் செடிகள் என்று வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். வாங்குவதானால் தொட்டி அளவோடு "எத்தனை டிகிரி குறைக்கும், அறை எத்தனை டிகிரியில் இருக்கும்போது" என்று கேட்டு வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் நம்மூர் மே மாதத்தை மனதில் வைத்து எழுதியது அல்ல. பில்லையும் வாரண்டி அட்டையையும் வாங்கி வையுங்கள். உள்ளூரில் யார் பழுது பார்ப்பார்கள் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.